வீட்டுக்குள்ளும் ஒரு பேச்சுவார்த்தை

தையும் மாசியும் எங்கள் பக்கத்தில் கையில் காசு புரளும் காலம். சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறும். வீட்டுச் சண்டைகள் கூடுவதும் அந்த இரண்டு மாதங்களில்தான். திருத்துறைப்பூண்டியில் குடும்ப ஆலோசகராக இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் எனக்கு இது நன்றாகவே தெரியும். பணம் இல்லாத ஐப்பசியில் அடக்கி வைத்த பேச்செல்லாம் பணம் வந்த தையில் வெளியே வருகிறது. அடகில் இருக்கும் மனைவியின் நகையை முதலில் மீட்பதா, உரக்கடைப் பாக்கியை அடைப்பதா, தங்கச்சிக்குச் செய்ய வேண்டிய சீரைச் செய்வதா? கணவர் மனதில் ஒரு வரிசை இருக்கும், மனைவி மனதில் ஒரு வரிசை, மாமியார் மனதில் இன்னொன்று. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து ஒருமுறைகூட யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். பணம் செலவான பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்பதில்தான் சண்டையே தொடங்கும்.

இத்தனைக்கும் இது பேசத் தெரிந்த ஊர். விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய பி. சீனிவாசராவின் நினைவிடம் இங்கேதான் இருக்கிறது. தொழிலாளர், நிலம் வைத்திருப்பவர், அரசு அதிகாரி என மூன்று தரப்பும் உட்கார்ந்து கூலியை முடிவு செய்யும் முத்தரப்புப் பேச்சுவார்த்தை இந்தக் காவிரிப் படுகைக்குப் பழக்கமான ஒன்று. தாசில்தார் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். அப்படிப்பட்டவர்களில் சிலர் பெற்ற மகனோடு நாலு வார்த்தை பேச முடியாமல் திண்ணையில் படுத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். வெளியில் கற்றுக்கொண்ட அந்தப் பேச்சுவார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் குடும்ப ஆலோசனை. இதற்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும் என்றோ, விவாகரத்து வரை போயிருக்க வேண்டும் என்றோ எந்த நிபந்தனையும் கிடையாது.

பஞ்சாயத்து வேறு, ஆலோசனை வேறு

வீட்டில் பிரச்சினை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் தாய்மாமனைக் கூப்பிடுவார்கள். அவரால் முடியவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்கள், பிறகு கட்சிக்காரர், கடைசியில் அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் காவல் நிலையங்கள் எத்தனையோ பெண்களுக்குத் துணிந்து புகார் கொடுக்க ஒரு இடத்தைக் கொடுத்தன. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தாய்மாமனிலிருந்து காவல் நிலையம் வரை இந்த எல்லா இடங்களிலும் கடைசியில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: தப்பு யார் மேல்? யாராவது ஒருவர் தலைகுனிந்து, எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார். ஜெயித்தவரும் தோற்றவரும் அன்று ராத்திரி ஒரே கூரைக்குக் கீழே சாப்பிட உட்கார வேண்டும். அந்தச் சாப்பாடு எப்படி இறங்கும்?

ஆலோசகர் தீர்ப்புச் சொல்வதில்லை. அவர் உறவினராக இருப்பதும் இல்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்காக 2006-ல் வந்த விதிகளே இதைத் தெளிவாகச் சொல்கின்றன. நீதிமன்றம் அனுப்பும் வழக்குகளில், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் தவிர, உறவினரோ பிரச்சினையில் சம்பந்தப்பட்டவரோ ஆலோசகராக இருக்கக் கூடாது. அறையில் பேசியது அறையைத் தாண்டாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. தாய்மாமனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அடுத்த கல்யாண வீட்டில் யாராவது ஒருவரிடம் பேச்சு வந்துவிடும்.

முதல் நாள் பெரும்பாலும் கேட்பதோடு சரி. வீட்டில் யார் யார், எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், யார் கையில் பணம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யாரோடு பேச்சை நிறுத்தி எவ்வளவு நாளாகிறது என்று ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தலைமுறைக்கும் குடும்ப வரைபடம் போடுவோம். வந்தவர்களே அதைப் பார்த்து வியப்பார்கள். "எங்க அப்பாவும் தாத்தாவும் கடைசிவரைக்கும் பேசிக்கல மேடம், இப்ப நானும் எம் மவனும்..." என்று ஒருவர் பாதியில் நிறுத்தினார் என்றால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஒவ்வொருவரோடும் தனித்தனியாக ஒருமுறை, அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து. ஒவ்வொரு தடவையும் வீட்டில் செய்து பார்க்க ஏதாவது ஒன்று கொடுத்தனுப்புவோம். இரண்டு வாரம் கழித்து வந்து, முடிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து வந்த குரல்

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முத்துப்பேட்டை சாலையில் உள்ள ஒரு கிராமம். மகன் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில். இங்கே அம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மாதாமாதம் பணம் அம்மாவின் கணக்குக்கு வரும். மனைவி ஒரு பிரச்சினையைச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். அதைக் கேட்டுவிட்டு மகன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார். அம்மா பட்டுக்கோட்டையில் இருக்கும் தன் மகளிடம் சொல்லி அழுவார். அந்த மகள் தன் பங்குக்கு அண்ணனுக்கு ஒரு பதிவு அனுப்புவார். ஒரே சமையலறையில் நிற்கும் இரண்டு பேரின் சண்டை சிங்கப்பூர் போய், பட்டுக்கோட்டை போய், சுற்றிக்கொண்டு மறுபடியும் அந்தச் சமையலறைக்கே வந்துகொண்டிருந்தது. மருமகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் பேசக் கூடாது. முடித்ததும், கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். விதி அவ்வளவுதான்.

மருமகள் ஆரம்பித்தார். "புள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கணும்னாலும் நான் அத்தைகிட்ட கேட்டு நிக்கணும் மேடம். அது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

மாமியாரிடம், "அவங்க என்ன சொன்னாங்கன்னு நீங்க ஒருதரம் சொல்லுங்கம்மா" என்றேன்.

"நான் காசைத் திருடுறேங்குறா."

"நான் அப்படிச் சொல்லல அத்தை. கேட்டு நிக்கிறது கஷ்டமா இருக்குன்னுதான் சொன்னேன்."

மறுபடியும் சொல்லச் சொன்னேன். அந்த அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் மெல்ல, "கேட்டு நிக்கிறது கஷ்டமா இருக்குங்குறா" என்றார். சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "நானும் எம் மாமியாக்கிட்ட அப்படித்தான் நின்னேன்."

அவருடைய முறை வந்தபோது வேறொரு விஷயம் வெளியே வந்தது. பணம் மருமகள் கணக்குக்குப் போய்விட்டால் தன் சர்க்கரை மாத்திரைக்கும் தான் ஒருநாள் கேட்டு நிற்க வேண்டியிருக்கும் என்ற பயம் அவருக்கு. இரண்டு பேருடைய பயமும் ஒன்றுதான். இதைப் பல வருஷமாக இருவருமே ஒருவருக்கொருவர் சொன்னதில்லை.

அடுத்த சந்திப்பில் மகனையும் வீடியோ அழைப்பில் சேர்த்தோம். வரும் பணத்தை மூன்றாகப் பிரிப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். கடனுக்கு ஒன்று, குடும்பச் செலவுக்கு மனைவி கணக்கில் ஒன்று, அம்மாவின் மருந்துக்கும் கைச்செலவுக்கும் அவர் கணக்கில் ஒன்று. குரல் பதிவில் புகார் சொல்வதை நிறுத்தினார்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, சிங்கப்பூரில் பத்தரை ஆகும்போது, மூவரும் ஒரே அழைப்பில் பேச வேண்டும். யார் எதைச் சொல்வதானாலும் அப்போது, அந்த மூவர் முன்னிலையில். சண்டை அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் சண்டை வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, வந்த இடத்திலேயே முடிகிறது.

உலகம் கற்றுக்கொண்டது

இந்த முறைகளுக்குப் பின்னால் எழுபது வருஷத்துப் படிப்பு இருக்கிறது. 1950களில் அமெரிக்காவில் முர்ரே போவன், வர்ஜீனியா சாடிர், நாதன் அக்கர்மன் போன்றவர்கள் ஒரு ஆளை மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டு முழுக் குடும்பத்தையும் கூட்டி வைத்துப் பேசத் தொடங்கினார்கள். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் கூடினால் அவர்கள் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள் என்று போவன் எழுதினார். இழுபடுவது மாமியாராகவும் இருக்கலாம், பத்து வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். இதை முக்கோணம் என்றார் அவர். மேலே சொன்ன சிங்கப்பூர்க் குடும்பத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக முக்கோணங்கள். மூன்றாவது ஆளை விலக்கி, சம்பந்தப்பட்ட இருவரை நேராகப் பேச வைப்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் தம்பதிகள் பேசிக்கொள்வதைப் படம்பிடித்து, பல வருஷம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். குடும்பத்தை உடைக்கும் நான்கு பழக்கங்களை அவர் அடையாளம் காட்டினார். அவற்றை நம் வீட்டுப் பேச்சிலேயே கேட்கலாம். செய்த காரியத்தை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது முதலாவது: "நீ எப்பவுமே இப்படித்தான்." இரண்டாவது இளக்காரம்: "உங்க வீட்டு வளர்ப்பு அப்படி." மூன்றாவது, காது கொடுக்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது: "நான் மட்டுமா செஞ்சேன், நீ செய்யலயா?" நான்காவது, பதிலே சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவது. நான்கிலும் மோசமானது இளக்காரம் என்பது அவர் கண்டது. என் அறையிலும் அப்படித்தான். அடித்த அடியைக்கூட மறந்துவிட்டு, பிறந்த வீட்டைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லைப் பதினைந்து வருஷம் கழித்தும் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்ன பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

காட்மன் இன்னொன்றும் சொன்னார். தம்பதிகளின் சண்டைகளில் ஏறத்தாழ 69 விழுக்காடு கடைசிவரை தீராதவை. ஒருவர் சிக்கனம், மற்றவர் தாராளம்; ஒருவருக்குக் கூட்டம் பிடிக்கும், மற்றவருக்குத் தனிமை பிடிக்கும். இதெல்லாம் மாறாது. இதை நான் வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். சண்டையே இல்லாத வீடு எங்கும் கிடையாது. நன்றாக இருக்கும் வீடுகளில் அந்தத் தீராத விஷயத்தைப் பற்றி ஒருவரையொருவர் புண்படுத்தாமல் பேசப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தினரும் தங்குவார்கள். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது, அவரிடம் எப்படிப் பேசுவது என்பதை அவர்களும் அங்கேயே கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். குடும்பத்தை விட்டுவிட்டு மனசைக் குணப்படுத்த முடியாது என்ற புரிதல் அது.

மஞ்சக்குடி காட்டிய வழி

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் உடைவதற்குக் குடிதான் பெரிய காரணம். இதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு முன்னோடி முயற்சி நடந்திருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கே அது தெரியாது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். குடிப்பவரை மட்டும் சேர்த்துக்கொண்டு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாக வகுப்பும் ஆலோசனையும் வைத்தார்கள். சென்னைக்கு வந்து தங்க முடியாதவர்களுக்காகக் கிராமத்துக்கே போய் முகாம் நடத்தினார்கள். அந்த முகாம் நடந்த இடம் குடவாசல் பக்கத்து மஞ்சக்குடி. அந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994-ல் 'அடிக்‌ஷன்' என்ற சர்வதேச ஆய்விதழில் எழுதினார். குறைந்த செலவில், சொந்த ஊரில், குடும்பத்தையும் ஊரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிநோயைக் குணப்படுத்த முடியும் என்று மஞ்சக்குடி காட்டியது.

குடியை நிறுத்திய பிறகுதான் வீட்டில் உண்மையான வேலை தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. பத்து வருஷமாகக் குடும்பத்தைத் தனியாக இழுத்த மனைவி, நிதானத்துக்கு வந்த கணவர் கையில் உடனே பணப்பையைத் தர மாட்டார். அவருக்கு அது அவமானமாக இருக்கும். இவருக்குப் பழைய பயம். "நான்தான் விட்டுட்டேனே, இன்னும் என்ன சந்தேகம்?" என்ற கோபத்திலேயே மறுபடியும் கடைக்குப் போனவர்கள் உண்டு. நம்பிக்கையைச் சின்னச் சின்னப் பொறுப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் மாதம் பால் கணக்கு, அடுத்த மாதம் பள்ளிக் கட்டணம். இதை இருவரும் சேர்ந்து பேசி முடிவு செய்தால் அது அவமானமாகத் தெரியாது.

எங்கே ஆலோசனை கூடாது

அடி உதை உள்ள வீட்டில் "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க" என்று சொல்வது ஆலோசனை ஆகாது, அது கொடுமை. 2006 விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி இருக்கிறது. வன்முறை செய்தவர், அதற்கு எந்த நியாயம் கற்பித்தாலும் அது பேச்சில் சேராது என்பதை ஆலோசனை தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். "சோறு லேட்டாயிடுச்சு, அதான் அடிச்சேன்" என்ற வாக்கியத்துக்கு அந்த அறையில் இடமே இல்லை. முதலில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும், பேச்செல்லாம் பிறகுதான். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மாவட்டத் தலைநகரில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

மற்ற குடும்பப் பிரச்சினைகளுக்கும் இடங்கள் இருக்கின்றன. மனசு பாரமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்த நேரமும். பிள்ளைகள் கவனிக்காத பெரியவர்களுக்கு 14567. வழக்கு நீதிமன்றம் வரை போய்விட்டாலும் சமரசத்துக்கு இடமிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய சமரச மையத்தின் வழியில் இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் சமரச மையங்கள் இயங்குகின்றன.

சீக்கிரம் வாருங்கள், பக்கத்தில் வையுங்கள்

இரண்டு விஷயங்களைக் கேட்டு முடிக்கிறேன், ஒன்று குடும்பங்களிடம், மற்றொன்று அரசிடம்.

குடும்பங்களே, தாமதிக்காமல் வாருங்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்த பிறகா நாம் வாய்க்காலைத் தூர்வாருகிறோம்? தண்ணீர் வரும் முன்பே மண்ணை எடுத்தால்தான் கடைமடை வரை பாயும். கல்யாணமான முதல் வருஷத்துச் சண்டையோடு வருகிறவர்களுக்கு மூன்று நான்கு சந்திப்பு போதும். பன்னிரண்டு வருஷம் பொறுத்துவிட்டு, தனித்தனிச் சமையல் தொடங்கிய பிறகு வருகிறவர்களோடு மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். ஒருவர் பேச, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையனையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அல்லாமல் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அரசிடம் கேட்பது இது. மத்திய சமூக நல வாரியம் 1983-லேயே குடும்ப ஆலோசனை மையத் திட்டத்தைத் தொடங்கியது. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும், எங்கள் தாலுகாவின் கிராமத்துப் பெண் உதவி தேடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பஸ் ஏறித் திருவாரூருக்குப் போக வேண்டியிருக்கிறது. போனால் அன்றைக்கு நடவுக் கூலி போயிற்று. அதைவிடப் பெரிய கஷ்டம், வீட்டில் எங்கே போகிறாய் என்று கேட்டால் அவர் ஒரு பொய் சொல்லியாக வேண்டும். தாலுகா மருத்துவமனையில் பிரசவத்துக்கும் பல்லுக்கும் கண்ணுக்கும் தனித்தனியாக இடம் இருக்கும்போது, குடும்பமாக உட்கார்ந்து பேச ஒரு அறையும், பயிற்சி பெற்ற ஒரு ஆணும் ஒரு பெண்ணும் அங்கே ஏன் இருக்கக் கூடாது? "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எந்தப் பெண்ணும், எந்த ஆணும் தலை நிமிர்ந்து அங்கே வரலாம். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது, சமூகப் பணி படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். வர வேண்டியது ஒரு அரசாணைதான். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது. கூலிக்காக உட்கார்ந்து பேசி வென்ற ஊர், இதையும் பேசி வாங்க முடியும்.